பட்டம் சாரதிக்கு, காசு அணிக்கு

உப்புவெளியில் எங்கள் கராச்சுக்குப் பின்னால் ஞாயிறு மாலைகளில் சேர்ந்து போர்முலா 1 பார்ப்போம். ரேஸ் முடிந்தாலும் கேள்விகள் முடிவதில்லை. காசைப் பற்றி வந்தவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

நிலாவெளித் தம்பி: அண்ணா, 2024இல் சாம்பியன் வெர்ஸ்டாப்பன். மெக்லாரன்காரர் ஏன் அந்தளவு கொண்டாடினார்கள்?

பட்டம் இரண்டு, தம்பி. சாரதிக்கு 1950 முதல், அணிக்கு 1958 முதல். போர்முலா 1 நிர்வாகம் பிரித்துக் கொடுக்கும் பணம் அணிகளுக்குத்தான் போகிறது, அதில் பெரும்பகுதி அணிகளின் வரிசையைப் பார்த்து. சாரதிப் பட்டத்துக்கு அதில் ஒரு சதமும் இல்லை. 2024இல் அப்படிப் போனது 126 கோடி டொலர்.

ரெட் புல் அணியின் வெர்ஸ்டாப்பன் 437 புள்ளி எடுத்தார். அதே அணியின் பெரெஸ் எடுத்தது 152. மொத்தம் 589, ரெட் புல் மூன்றாமிடம். மெக்லாரன் 666, பெராரி 652. கரைவலையில் இரண்டு கயிறும் சேர்ந்து வந்தால்தானே மீன் கரைக்கு வரும்? அதே கதைதான். அபுதாபிக் கடைசி ரேஸில் மெக்லாரனின் பியாஸ்ட்ரி முதல் வளைவிலேயே இடிபட்டுப் பின்னுக்குப் போய்விட்டார். பெராரிகள் இரண்டும் துரத்த, அதே அணியின் நொரிஸ் முன்னால் நின்று வென்று கொடுத்தார். 1998க்குப் பிறகு மெக்லாரனுக்கு வந்த முதல் அணிப் பட்டம் அது.

சாம்பல்தீவு அக்கா: அப்போ சாரதிக்கு ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது அக்கா, ஆனால் அணியோடு செய்த ஒப்பந்தத்தில். சம்பளம், வெற்றிக்குப் போனஸ், அப்புறம் சொந்த அனுசரணையாளர்கள். பட்டம் வென்றவர் அடுத்த ஒப்பந்தத்தில் கேட்கும் தொகையே வேறு. அணிக்கும் இதில் இலாபம் உண்டு: அனுசரணையாளர் தன் பெயரோடு சேர்த்துக் காட்ட விரும்புவது சாம்பியனின் முகத்தைத்தான்.

மூதூர் நண்பர்: கடைசியில் ஓடும் அணிகள் எதற்காக இவ்வளவு பாடுபடுகின்றன?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். 2016இல் பதினொரு அணிகள். மேனருக்கு ஒரு புள்ளி, ஆஸ்திரியாவில் வேர்லைன் எடுத்தது. சௌபருக்குச் சுழியம். பருவம் முடிய இரண்டு ரேஸ் இருக்கும்போது பிரேசிலில் கொட்டும் மழை. சௌபரின் நாஸர் ஒன்பதாவதாக வந்து இரண்டு புள்ளி எடுத்துவிட்டார். மேனர் பதினொராமிடத்துக்கு இறங்கியது. பத்தாமிடத்துக்குரிய பெருந்தொகை போயிற்று, அதை நம்பிப் பேசிக்கொண்டிருந்த முதலீடும் கைகூடவில்லை. 2017 ஜனவரியில் மேனர் மூடப்பட்டது. இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. கராச் வைத்திருப்பவன் என்பதால் அந்த மெக்கானிக்குகளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. அதனால்தான் ரேஸ் பார்க்கும்போது பத்தாமிடத்துச் சண்டையை விடாதீர்கள் என்று உங்களிடம் கத்துகிறேன்.

அதே நண்பர்: வென்ற அணிக்கே காசும் போனால் மற்றவர்கள் எப்படி எழும்புவது?

செலவுக்கு உச்சவரம்பு வந்துவிட்டது, 2021இல் 14.5 கோடி டொலர். சாரதிச் சம்பளம் அதற்குள் அடங்காது. காற்றுச் சுரங்கத்தில் காரைச் சோதிக்கும் நேரமும் முதலிடத்துக்குக் குறைவு, கடைசிக்கு அதிகம். நல்ல ஏற்பாடு.

கிண்ணியாத் தம்பி: 2007இல் மெக்லாரனின் புள்ளிகளைப் பறித்தும் சாரதிகளுடையதை ஏன் விட்டார்கள்?

பெராரியின் தொழில்நுட்ப இரகசியங்கள் மெக்லாரன் கையில் இருந்த வழக்கு அது. சாரதிகள் விசாரணைக்கு ஒத்துழைத்ததால் அவர்களின் புள்ளிகள் தப்பின. மெக்லாரனின் ஹமில்டனும் அலொன்சோவும் ஆளுக்கு 109 புள்ளி, பெராரியின் ரைக்கோனன் 110 எடுத்துச் சாரதிப் பட்டம் வென்றார். அணிக்கு 10 கோடி டொலர் தண்டம். ஆனால் புள்ளி போனதால் இழந்த வருமானத்தை அந்தத் தொகையிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். அணிப் புள்ளி என்றால் காசு என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்வது?

தம்பலகாமம் மாணவி: தமிழர் யாராவது அப்படிப் புள்ளி எடுத்துக் கொடுத்திருக்கிறார்களா?

எடுத்திருக்கிறார், தங்கச்சி. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், 2005, ஜோர்டான் அணி. அமெரிக்க ரேஸில் டயர்ப் பிரச்சினையால் பல அணிகள் விலக, ஆறு கார்களே ஓடின. நரேன் நான்காவது, 5 புள்ளி. கூட ஓடிய மொன்டெய்ரோ மூன்றாவது, 6 புள்ளி. ஜோர்டானுக்கு அந்த வருடம் முழுவதும் கிடைத்ததே 12. மினார்டிக்கு 7. ஜோர்டான் ஒன்பதாமிடத்தில் முடித்தது, மினார்டி கடைசி.