வலது பக்கம் நகர மறுக்கும் ஹீரோ

கேள்வி: பைத்தானில் பைகேம் வைத்து ஒரு கேம் செய்கிறேன். பின்னணிப் படம், இருபது எதிரிகள், ஒரு ஹீரோ, அவ்வளவுதான். அதற்கே திணறுகிறது. "பைத்தான் ஸ்லோடா, சி++ கத்துக்கோ" என்கிறான் ரூம்மேட். மாறிவிடலாமா?
- கல்லூரி மாணவர், கோவை

பதில்: இதற்காக மாற வேண்டாம். பைகேம் என்பது பைத்தான் மொழியில் கேம் செய்ய உதவும் தொகுப்பு. அதன் அடியில் ஓடுவது எஸ்டிஎல் என்ற சி மொழி நூலகம் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு). 1998-ல் சாம் லான்டிங்கா வெளியிட்டது. 2000-ல் பீட் ஷின்னர்ஸ் அதை பைத்தானிலிருந்து கூப்பிடும்படி பைகேமாகக் கட்டினார். அதாவது படத்தைத் திரையில் ஒட்டுகிற உடல் உழைப்பெல்லாம் சி-யுடையது, பைத்தான் 'இதை இங்கே ஒட்டு' என்று சொல்வதோடு சரி. இருபது எதிரிகளை நொடிக்கு 60 தடவை வரைந்தால் 1,200 உத்தரவு. பைத்தானுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அப்புறம் ஏன் திணறுகிறது? உங்கள் நிரலைப் பார்க்காமல் சொல்கிறேன், பெரும்பாலும் படத்தை லோடு செய்துவிட்டு கன்வர்ட் செய்யாமல் விட்டிருப்பீர்கள். கோப்பில் பிக்சல்கள் இருக்கும் அமைப்பு வேறு, திரை எதிர்பார்க்கும் அமைப்பு வேறு. மாற்றி வைக்காவிட்டால் ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் பிக்சல் பிக்சலாக மாற்றிக்கொண்டே இருக்கும், முழுத்திரைப் பின்னணிக்கு இது நன்றாகவே உறைக்கும். லோடு செய்த கையோடு கன்வர்ட் போடுங்கள், ஒளி ஊடுருவும் பகுதி உள்ள படங்களுக்கு கன்வர்ட்_ஆல்ஃபா. விண்டோவைத் திறந்த பிறகுதான் இதைக் கூப்பிட வேண்டும், முன்னாலேயே கூப்பிட்டால் எரர் வரும். லோடு செய்வதையோ, பின்னணியைப் பெரிதாக்குவதையோ கேம் லூப்புக்குள் (திரையை வரைய திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) வைத்திருந்தால் முதலில் அதை வெளியே தூக்குங்கள். நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 முறை திரையை வரைவது என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி நொடிதான், அதில் ஹார்ட் டிஸ்க்கைத் தட்டி எழுப்பினால் எப்படி?

ரூம்மேட் சொல்வது சரியாகிற இடமும் உண்டு. 800-க்கு 600 திரையில் 4,80,000 பிக்சல். அவற்றை ஃபார் லூப் போட்டு ஒவ்வொன்றாக நிறம் மாற்றினால் பைத்தான் நிஜமாகவே படுத்துவிடும். அந்த மாதிரி வேலைக்கு சர்ஃப்அரே (படத்தின் பிக்சல்களை எண் அட்டவணையாகத் தரும் பைகேம் பகுதி) வழியாக நம்பை என்ற கணக்கு நூலகத்திடம் மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள், அதுவும் சி-தான்.

கேள்வி: என் ஹீரோவின் வேகம் 0.5. இடது அம்புக்குறியை அழுத்தினால் ஓடுகிறான், வலது பக்கம் அசையவே மாட்டேன் என்கிறான். கீபோர்டு நன்றாகத்தான் இருக்கிறது.
- வாசகி, திருச்சி

பதில்: எனக்கு ரொம்பப் பிடித்த பிழை இது! ஹீரோ நிற்கும் இடத்தைக் குறித்து வைக்கும் பைகேமின் ரெக்ட் (செவ்வகம்) முழு எண்களை மட்டும்தான் வைத்துக்கொள்ளும், தசமத்தை வெட்டி எறிந்துவிடும். 100-லிருந்து வலது பக்கம் அரை பிக்சல் போனால் 100.5, வெட்டினால் மறுபடி 100, ஆக நின்ற இடத்திலேயே நிற்கிறான். இடது பக்கம் 99.5, வெட்டினால் 99, ஆக ஒரு முழு பிக்சல் பாய்கிறான். வேகத்தை 2.5 ஆக்கினால் வலது பக்கம் 2, இடது பக்கம் 3. அப்போது அவ்வளவாகக் கண்ணில் படாது, ஆனால் பிழை அப்படியேதான் இருக்கும்.

இடத்தைத் தனியாக ஒரு தசம மாறியிலோ வெக்டர்2-விலோ (x, y இரண்டையும் தசமத்தோடு வைத்துக்கொள்ளும் பைகேம் வகை) வைத்துக் கணக்குப் போடுங்கள், வரைவதற்கு முன் மட்டும் ரெக்டுக்குக் கொடுங்கள். அதைச் செய்யும்போதே வேகத்தை 'நொடிக்கு இத்தனை பிக்சல்' என்று மாற்றி, கிளாக்கின் டிக் திருப்பித் தரும் மில்லி நொடியை (போன ஃபிரேமிலிருந்து கடந்த நேரம்) ஆயிரத்தால் வகுத்து வேகத்தோடு பெருக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் தோழியின் பழைய லேப்டாப்பில் இதே ஹீரோ நொண்டியடிப்பான்.

கேள்வி: திரையில் தமிழ் எழுதினால் கொம்பும் காலும் இடம் மாறி வருகின்றன. ஃபான்ட் மாற்றியும் பயனில்லை.
- வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஃபான்ட் மேல் குற்றமில்லை. 'கொ' என்று எழுத, கொம்பை முன்னால் நகர்த்தி, காலைப் பின்னால் வைக்க ஒருவர் வேண்டும். அந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நூலகம். அது இல்லாத பழைய பதிப்புகள் எழுத்துகளை வந்த வரிசையில் அடுக்கிவிட்டுப் போய்விடும். பைகேமிலிருந்து பிரிந்த பைகேம்-சிஇ-யின் புதிய பதிப்பைப் போட்டு, ஃபான்ட்டுக்கு செட்_ஸ்கிரிப்ட் வழியாகத் தமிழுக்கான குறியீட்டைக் கொடுத்துப் பாருங்கள். மாறாத தலைப்பு, மெனு வகையறா என்றால் இவ்வளவு மெனக்கெடவே வேண்டாம், படமாகச் செய்து ஒட்டிவிடலாம். ஸ்கோர் எண்களுக்கு எப்படியும் இந்தச் சிக்கல் கிடையாது.

கேள்வி: பைகேமா, பைகேம்-சிஇ-யா?
- வாசகர், சேலம்

பதில்: புதிதாகத் தொடங்கினால் சிஇ. 2023-ல் பிரிந்து வந்த கிளை அது, தசமம் தாங்கும் எஃப்ரெக்ட்கூட அதில் இருக்கிறது (திருச்சி வாசகி கவனிக்க). இரண்டுக்கும் இம்போர்ட் பெயர் ஒன்றே என்பதால் பழையதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு இதைப் போடுங்கள், இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் எது ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியாது.