பக்கத்து வீட்டுப் பலகாரத்தை நாசூக்காக மறுப்பது எப்படி என்று கேட்டவருக்கு

கேள்வி இதுதான்: "கோயம்புத்தூரில் புது அபார்ட்மென்ட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். அக்கம்பக்கத்தார் அடிக்கடி பலகாரம் கொடுத்தனுப்புகிறார்கள், வீட்டு விசேஷங்களுக்கு அழைக்கிறார்கள். வாங்கினால் நாமும் திருப்பிச் செய்ய வேண்டியிருக்கிறது. அவர்கள் மனம் நோகாமல் இதை எப்படித் தவிர்ப்பது?"

சர்க்கரை வியாதி என்று சொல்லிவிடுங்கள், டயட் என்று சொல்லிவிடுங்கள் என்று பல பேர் யோசனை கொடுத்திருப்பார்கள். நான் அதற்கு வரவில்லை. "திருப்பிச் செய்ய வேண்டியிருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வரிதான் என்னை உட்காரவைத்து எழுத வைக்கிறது. உங்களுக்கு அது தொல்லை. எங்கள் வீட்டில் அதற்கென்று தனியாக ஒரு நோட்டே இருக்கிறது.

நீங்கள் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், கிடைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதிலும் காலிங்பெல் அடித்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். அது எனக்குப் புரிகிறது. உங்களைத் திட்ட இதை எழுதவில்லை.

நான் குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கிறேன். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலையை ஏற்றி ஃபேக்டரியில் இறக்கும் பிக்கப் ஓட்டுகிறேன். எங்கள் குடியிருப்பில் முக்கால்வாசிப் பேர் சிலோனிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 1964-ல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, அங்கே இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். அந்த மிச்சத்தையும் 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சந்தையில் மூட்டை பிரிப்பது போலத்தான். அதில் என் அப்பாவுக்கு இந்தியா விழுந்தது. பெரியப்பாவுக்கு இலங்கை. அம்மாவின் தங்கச்சி குடும்பமும் இந்தியாதான், ஆனால் அவர்களைக் கூடலூர் பக்கம் ஒரு தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருந்தவர்கள் மூன்று இடமாகிவிட்டார்கள்.

தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, வியாபாரக் கடன் 5,000 ரூபாய் என்று ஒரு தாளை வாங்கிக்கொண்டு அப்பா வெளியே வந்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் கவ்வாத்து வெட்டுவது, முள்ளு குத்துவது என்கிற தேயிலைத் தோட்ட வேலைதான். அவரிடம் போய் வியாபாரம்! தாத்தாவின் சொந்த ஊர் முசிறிப் பக்கம். அங்கேதான் முதலில் போனார். சொந்தக்காரர்கள் வாசலில் வைத்தே பேசி அனுப்பினார்கள். நிலத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறான் என்ற பயம் அவர்களுக்கு. அப்புறம் நீலகிரியில் தேயிலை இருக்கிறது, தெரிந்த வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லி மலை ஏறினார். அரசு தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தவர்களுக்கு வீடாவது இருந்தது. அப்பா மாதிரித் தானாக ஏறி வந்தவர்களுக்கு அதுவும் இல்லை. கிடைத்த தோட்டத்தில் கூலி, இல்லாத நாளில் கேரட் பிடுங்கப் போவது.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், என் அம்மாவுக்குக் காதுகுத்தோ கல்யாணமோ சாவோ, ஓடி வந்து நிற்கப் பக்கத்தில் ரத்த உறவு என்று ஒரு ஆள் கிடையாது. மொய் எழுதக்கூட ஆள் இல்லாத குடும்பம். பக்கத்து வீட்டுக்காரர்தான் எனக்கு மாமா, எதிர்வீட்டுக்காரிதான் பெரியம்மா. பெயருக்கு மாமா இல்லை. என் தங்கச்சி பெரிய மனுஷியானபோது சீர் கொண்டுவந்ததே அவர்தான்.

அந்தச் சீரிலிருந்துதான் நோட்டு ஆரம்பித்தது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது, சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். சிலோன் தோட்டத்தில் ஆள் பெயர் பதிகிற ஏட்டுக்கு 'செக்ரோல்' என்பார்கள், அந்தப் பழக்கத்தில் இதற்கும் இன்றுவரை அதுதான் பெயர். யார் வீட்டிலிருந்து என்ன வந்தது, எப்போது வந்தது, நாம் என்ன திருப்பிக் கொடுத்தோம். பணம் வந்த வரிகள் குறைவு, பொருள் வந்த வரிகள்தான் அதிகம்.

அந்த நோட்டில் ஐந்து பக்கத்தைத் தின்றது தங்கச்சி கல்யாணம்.

2009 நவம்பர். நீலகிரிக்காரர்களுக்கு அந்த மாதத்தைச் சொன்னாலே போதும். ஒரே ராத்திரி மழையில் மலை முழுக்க மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். குன்னூர்–மேட்டுப்பாளையம் ரோடு அடைபட்டது, மலை ரயிலும் நின்றது. அந்த வாரமே கல்யாணம். அப்பா இல்லை, நான்தான் முன்னே நின்று நடத்த வேண்டும். தள்ளிவைக்கலாம் என்றால் மாப்பிள்ளை திருப்பூரில் வேலை பார்க்கிறவர், கம்பெனியில் மறுபடி லீவு தரமாட்டான். தவிர, ஊரே துக்கத்தில் இருக்கும்போது கல்யாணமா என்று நானே தயங்கினேன். எதிர்வீட்டுப் பெரியம்மாதான், "மண்ணுக்குள்ள போனவங்களுக்கு அழுதாச்சு, இருக்கிற புள்ளைய கரையேத்து" என்றார்.

சமையல்காரர் காரமடையில், அவர் பாத்திரமும் காரமடையில். போன் லைன் கிடைத்தபோது, "ரோடு தெளியட்டும்ணே" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. காய்கறிக்குச் சொல்லி வைத்திருந்தது மேட்டுப்பாளையத்தில், தேங்காய் அங்கேதான், வாழை இலையும் அங்கேதான். கீழே இருப்பவர்களுக்கு இது தெரியாது. இங்கே ஊருக்கே கேரட்டும் முட்டைக்கோஸும் அனுப்புகிறோம், ஆனால் ஒரு தலைவாழை இலைக்கு மலையை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும். கரண்டும் இல்லை.

அப்புறம் நடந்ததை நோட்டில் இருக்கிறபடியே சொல்கிறேன். "அரிசி ஒரு சிப்பம். சீகை விறகு நாலு சுமை, நனையாதது." (அந்த மழையில் நனையாத விறகு என்றால் கொடுத்தவர் தன் வீட்டு அடுப்புக்கு வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம்.) "பெட்ரோமாக்ஸ் ஒண்ணு, நம்மகிட்ட வந்து மேன்டில் போச்சு, புதுசு வாங்கிக் கொடுக்கணும்." "கேரட் ஒரு மூட்டை, பீன்ஸ், உருளைக்கிழங்கு – மேல்ஹட்டி கவுடர்." அவர் படுகர், இந்த மலையின் பழைய விவசாயச் சமூகம். எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் அவர் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். ரோடு அடைபட்டதால் அவருக்கும் லோடு போகவில்லை, எப்படியும் அழுகப்போகிற கேரட்தானே என்று கெட்ட மனசுக்காரர்கள் சொல்லலாம். அப்போது சிலர் சொல்லவும் செய்தார்கள். மூட்டையைத் தலையில் வைத்து ஆள்விட்டு அனுப்பியதற்கு என்ன சொல்வார்களோ.

அண்டா மாரியம்மன் கோயிலுடையது. திருவிழாவுக்குப் பொங்கல் வைக்கிற பெண்களே சமைத்தார்கள். தேங்காய் இல்லாத சாம்பார், கேரட் பொரியல், கேரட் போட்ட கூட்டு, பாயசத்திலும் கேரட். மாப்பிள்ளை வீட்டார் இன்றுவரை எங்களைக் கேரட் சம்பந்தி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இலைக்கு என்ன செய்வது? இங்கேதான் உங்கள் கேள்விக்கு உறவு வருகிறது. வீடு வீடாகப் போய்ச் சாப்பாட்டுத் தட்டு வாங்கினோம். எவர்சில்வர் தட்டு, ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டியிருக்கும். வரிசையில் உட்கார்ந்தால் ஒருவர் தட்டில் 'சரசு', அடுத்தவர் தட்டில் 'மு.க.', அதற்கடுத்து யாருக்கோ கல்யாணத்தில் வந்த 'அன்பளிப்பு'. சில வீட்டில் இருந்ததே நாலு தட்டு, நாலையும் கொடுத்துவிட்டு அன்று ராத்திரி குண்டானோடு வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். பந்தி முடிய முடியக் கழுவி அடுத்த பந்திக்கு வைத்தோம். கூடலூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் வழியில் மண் சரிந்த இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, நடந்து, அந்தப் பக்கம் வேறு வண்டி பிடித்து, முழங்கால் வரை சேற்றோடு வந்து சேர்ந்தார்கள். சொன்ன முகூர்த்தம் தாண்டிவிட்டது. கோயில் பூசாரி பஞ்சாங்கத்தைப் புரட்டி வேறொரு நேரத்தைச் சொன்னார். அது உண்மையிலேயே பஞ்சாங்கத்தில் இருந்ததா என்று யாரும் எட்டிப்பார்க்கவில்லை. வந்தவர்களுக்குக் கால் கழுவ வெந்நீர் நாலைந்து வீட்டு அடுப்பிலிருந்து வந்தது, கூடவே ஆளுக்கொரு டம்ளர் தேத்தண்ணி.

கல்யாணம் முடிந்து மறுநாள் முழுக்க எனக்கும் அம்மாவுக்கும் தட்டுப் பிரிக்கிற வேலை. பெயர் பார்த்துப் பார்த்து அடுக்கி, ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தோம். எந்தத் தட்டும் வெறும் தட்டாகப் போகக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. வீட்டில் மிச்சம் இருந்தது சர்க்கரைதான். தட்டுக்கு ஒரு பிடி சர்க்கரை.

இப்போது வரப்போகிற பதில்களை நானே சொல்லிவிடுகிறேன். "மொய் என்பதே வியாபாரம். கணக்கு எழுதி வைத்துத் திருப்பிக் கொடுப்பதில் அன்பு எங்கே இருக்கிறது?" இருக்கட்டும், வியாபாரம்தான். எனக்கு அதில் வெட்கம் இல்லை. யாரோடும் கொடுக்கல் வாங்கல் இல்லாமல் மண்டபம் முகாமிலிருந்து வெளியே வந்தவர்களுக்குத்தான் ஒருவர் கணக்கில் தன் பெயர் ஏறுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். முசிறியில் எங்களுக்கு ஒரு வேளைச் சோறு போட்டிருந்தால் அதையும் எழுதி வைத்துத் திருப்பியிருப்போம். போடவில்லை, அதனால் கடனும் இல்லை, உறவும் இல்லை. நன்றி என்பதை மனசுக்குள் வைத்துக்கொண்டால் போதும் என்பார்கள் சிலர். என் அம்மாவைக் கேட்டால், மனசுக்குள் வைத்தது எத்தனை நாளைக்கு ஞாபகம் இருக்கும், நோட்டில் எழுதுடா என்பார்.

அடுத்தது, "ஊர் ஊர் என்று புகழாதீர்கள், ஊரில்தான் சாதியும் வம்பும் இருக்கிறது." உண்மை. எங்கள் குடியிருப்பிலும் இருக்கிறது. தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூருக்கு வேலைக்குப் போனபோது, அவளைப் பற்றிக் கதை கட்டியவர்களில் இருவர் கல்யாணத்துக்குத் தட்டும் கொடுத்தார்கள். நோட்டில் தட்டு மட்டும்தான் இருக்கிறது. கதையை அம்மா எழுதச் சொல்லவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை. சினிமாவில் வருகிற மாதிரி எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டு வாழ்கிறோம் என்று நான் சொல்லவே இல்லை.

பெட்ரோமாக்ஸ் மேன்டில் உடனே திருப்பிவிட்டோம். அரிசிச் சிப்பம் அந்த வீட்டுப் பையன் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கவுடர் கணக்குதான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. காசு நீட்டினால் கோபித்துக்கொள்வார். அதனால் அவர் தோட்டத்து இலைக்கு வண்டி வாடகையைக் கம்மியாக வாங்குகிறேன். அதைக் கண்டுபிடித்துவிட்டு அதற்கும் ஒரு சண்டை. பச்சைத் தேயிலை விலை இருக்கிற லட்சணத்தில் அவருக்கு அந்தக் காசு தேவைதான், ஒத்துக்கொள்ள மாட்டார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லாதது, பொறுத்துக்கொள்ளுங்கள். முசிறிச் சொந்தங்கள் இப்போது எங்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஏப்ரல் கடைசியில் போன் வரும். "மாமா, நல்லா இருக்கீங்களா? மலர்க் கண்காட்சி என்னைக்கு?" அப்பா செத்ததற்கு வராதவர்களின் பிள்ளைகள். தங்க வீடு, சுற்றிக்காட்ட ஆள், போகும்போது அரைக் கிலோ டீத்தூள். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டி மலை ஏற ஈ-பாஸ் வேறு வந்துவிட்டதா, நீலகிரி எண் வண்டிக்கு அது வேண்டாம், போன சீசனில் ஒரு தம்பி சொல்கிறான்: "உங்க வண்டி டிஎன் 43 தானே மாமா, அதுக்குப் பாஸ் வேண்டாமாம், மேட்டுப்பாளையம் வந்து எங்களைக் கூட்டிட்டுப் போயிடுங்களேன்." இலை ஏற்றுகிற பிக்கப்பில்! அதுவும் சீசன் நேரத்தில் பர்லியாறிலிருந்து வண்டி ஊர்ந்து ஊர்ந்து ஏறும், ஃபேக்டரிக்கு நேரத்தோடு இலை போகாவிட்டால் வெந்துபோகும், விலையில் பிடிப்பார்கள். இவர்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியும். அம்மாவோ, "வந்தவங்கள வாசல்ல நிக்க வைக்காத, நம்மள வச்சாங்கங்கிறதுக்காக" என்று சொல்லி ரொட்டியும் சம்பலும் செய்து போடுகிறார். அவர்கள் பெயரை நோட்டில் எழுதட்டுமா என்று கேட்டேன். என்னத்த எழுதுவ, டீத்தூள் போனதையா என்றார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பலகாரம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இனிப்பு ஆகாது என்றால் பொய்க் காரணம் வேண்டாம், "எங்களுக்குக் காரம்தான்க்கா பிடிக்கும்" என்று சொல்லுங்கள், அடுத்த தடவை முறுக்கு வரும். திருப்பிச் செய்ய நீங்களே அடுப்பில் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, கடைப் பலகாரம் போதும். விசேஷத்துக்கு இருவரும் போக வேண்டாம், ஒருவர் போய் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் கணக்கு நேர். அவர்கள் தட்டை மட்டும் வாரக்கணக்கில் உங்கள் சமையலறையில் வைத்துக்கொள்ளாதீர்கள், அதில்தான் மனஸ்தாபம் வரும். ஒன்றுமே தோன்றாவிட்டால் ஊட்டி வர்க்கி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதேதான். மேலே வரும்போது வாங்குங்கள், காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் ஒரு வாரத்துக்கு மேலும் மொறுமொறுப்பு போகாது. யார் வீட்டுத் தட்டு எப்போது வந்தாலும் சமாளிக்கலாம்.