பிற துறை மாணவர்களுக்குத் தகவல் அமைப்புப் பாடம் எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் வரலாற்றில் முதுகலை படிக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் பிற துறை மாணவர்களுக்கென்று தகவல் அமைப்புகள் பற்றிய விருப்பப் பாடம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். நிரலாக்கம் அறவே தெரியாத நான் அதில் சேரலாமா? என் ஆய்வுக்கு அதனால் என்ன பயன்?

பதில்: தாராளமாகச் சேரலாம். தரவை யார் திரட்டுகிறார், எந்த வடிவில் பதிகிறார், யார் திருத்தலாம், அது யாருக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பவற்றை, மனிதர்களையும் நடைமுறைகளையும் சேர்த்தே ஆராய்வதுதான் தகவல் அமைப்புப் பாடம். நிரல் எழுதுவது அதில் ஒரு சிறு பகுதி.

ஆய்வுக்காகப் பழைய கடிதங்களைப் பட்டியலிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எழுதியவர், பெற்றவர், இடம், தேதி என எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் நிரப்பினால், ஒருவரின் பெயரே மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் பதிவாகி, எண்ணிப் பார்க்கும்போது மூன்று ஆள்களாகிவிடும். ஒரே கடிதம் நால்வருக்குப் போயிருந்தால் அதை எப்படிக் குறிப்பது என்ற சிக்கலும் எழும். ஆள்களுக்கு ஓர் அட்டவணை, கடிதங்களுக்கு ஓர் அட்டவணை, எந்தக் கடிதம் யாருக்குப் போனது என்பதற்கு மூன்றாவது அட்டவணை எனப் பிரித்து, ஒவ்வோர் ஆளுக்கும் கடிதத்துக்கும் மாறாத அடையாள எண்ணைக் கொடுத்துவிட்டால் இரண்டு சிக்கல்களும் தீர்ந்துவிடும். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970இல் வெளியிட்ட உறவுநிலைத் தரவு மாதிரியிலிருந்து வளர்ந்த வழிமுறை இது. ஆனால் மூலத்தில் பெயர் எப்படி எழுதப்பட்டிருந்தது என்பதும் வரலாற்றாய்வாளருக்குச் சான்றுதான் என்பதால், அதற்கும் அட்டவணையில் தனிப் பத்தி (நெடுவரிசை) ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொன்று: 1900ஆம் ஆண்டுக்கு முந்தைய நாள்களை எக்செல் தேதியாக ஏற்பதில்லை, வெறும் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். ஆகவே ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனிப் பத்திகளில் பதிவது நல்லது. நாள் தெரியாத கடிதங்களுக்கும் அதுவே வசதி.

கேள்வி: உயிரியல் மாணவனான எனக்கு எக்செல் நன்றாகவே தெரியும். அதற்கு மேலும் எதற்குப் பயிற்சி?

பதில்: உங்கள் துறையிலேயே விடை இருக்கிறது. ‘செப்ட்2’, ‘மார்ச்1’ போன்ற மரபணுக் குறியீடுகளை எக்செல் தானாகவே தேதிகளாக மாற்றிவிடுவதால் ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல்களில் பிழைகள் மலிந்தன. கடைசியில், 2020இல் மரபணுப் பெயரிடல் குழு அந்தக் குறியீடுகளையே மாற்றும்படி ஆயிற்று. ஒரு மென்பொருளின் பழக்கத்துக்காக அறிவியல் தன் பெயர்களை மாற்றிக்கொண்டது சற்று வேடிக்கையாகவே இருக்கிறது.

அதே 2020இல் இங்கிலாந்தில் கொரோனா தொற்று உறுதியான 15,841 பேரின் விவரங்கள் உரிய நேரத்தில் கணக்கில் சேராமல் போயின. ஒரு தாளுக்கு 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்காத பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் தரவை அடைத்ததுதான் காரணம். அவர்களின் தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது. இவ்விரண்டிலும் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் தவறு நேரவில்லை. தரவு எதில், எந்த வடிவில் இருக்க வேண்டும், வந்து சேர்ந்ததை யார் சரிபார்ப்பது என்று முன்கூட்டியே தீர்மானிக்காததால் நேர்ந்தது. அந்தத் தீர்மானத்துக்குத்தான் பயிற்சி வேண்டும்.

கேள்வி: இணையவழிச் சான்றிதழ் வேலைக்கு உதவுமா?

பதில்: ஓரளவு உதவும். நீங்களே வடிவமைத்த ஒரு சிறு தரவுத்தளத்தைக் காட்டி, அதை ஏன் அப்படி அமைத்தீர்கள் என்று விளக்க முடிந்தால் அது இன்னும் அதிகமாக உதவும்.

கேள்வி: நான் சமூகவியல் விரிவுரையாளர். கணினித் துறையினர் வந்து எங்கள் மாணவர்களுக்கு இப்பாடத்தை நடத்துகிறார்கள். கிடங்கு இருப்பு, விற்பனைச் சீட்டு என்றே எடுத்துக்காட்டுகள் வருவதால் மாணவர்களுக்கு ஈடுபாடு இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: பாடத்தை அவர்களிடமே முழுவதுமாக விட்டுவிடாதீர்கள், தரவை நீங்கள் கொடுங்கள். உங்கள் துறையின் பழைய கள ஆய்வுப் படிவங்களைப் பெயர், முகவரி போன்ற அடையாளங்களை நீக்கிவிட்டு, விடுபட்ட பதில்களோடும் முரண்பட்ட விடைகளோடும் அப்படியே வகுப்புக்குத் தாருங்கள். ‘பதில் சொல்ல மறுத்தார்’ என்பதும் ‘கேட்கப்படவில்லை’ என்பதும் ஒரே வெற்றுக் கட்டமாக இருக்கலாமா என்ற விவாதம் ஒரு வகுப்பு முழுவதற்கும் போதும். அதைக் கணினி ஆசிரியரைவிட நீங்கள்தான் நன்றாக நடத்துவீர்கள். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கப் பயன்படும் மொழியான எஸ்.கியூ.எல். வினவல்கள் அதன் பிறகு வரட்டும். தங்கள் தரவிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கும்போது மாணவர்கள் அதை விரைவாகவே பிடித்துக்கொள்கிறார்கள். தேர்விலும் வரையறைகளைக் கேட்பதை விட்டுவிட்டு, ஒரு மாணவர் அமைத்த தரவுத்தளத்தை அவர் எழுதிய குறிப்புடன் இன்னொரு மாணவரிடம் கொடுத்து, வாய்மொழி விளக்கம் எதுவுமின்றி அவரால் பயன்படுத்த முடிகிறதா என்று பார்த்து மதிப்பெண் இடுங்கள்.