ஸ்போர்ட்டிங்: ஒரு சீசன், மூன்று பயிற்சியாளர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2024 நவம்பரில் ஸ்போர்ட்டிங் லிஸ்பன் அணி மான்செஸ்டர் சிட்டியை 4-1 என்று வீழ்த்திய ஆட்டத்தைத் தூக்கம் விழித்துப் பார்த்தேன். இந்த வருடம் ஐரோப்பாவில் இவர்கள் வெகுதூரம் போவார்கள் என்று நண்பர்களிடம் அடித்துச் சொன்னேன். மூன்று மாதம்கூட நிற்கவில்லை. டிசம்பரில் கோச்சை நீக்கினார்கள், பிப்ரவரியில் அதே மைதானத்தில் டோர்ட்மண்டிடம் 0-3. சரி, கதை முடிந்தது என்று விட்டுவிட்டேன். மே மாதம் பார்த்தால் போர்ச்சுகல் லீக், போர்ச்சுகல் கோப்பை இரண்டும் இவர்கள் கையில்!

எனக்கு மூன்று சந்தேகங்கள். ஐரோப்பாவில் அப்படிச் சரிந்தது ஏன்? லீக் பட்டம் உண்மையில் யாருடையது, நவம்பரில் போன கோச் ரூபன் அமோரிமுடையதுதானே? கடைசி வாரத்துக்கு முன் ஸ்போர்ட்டிங்கும் அதன் ஊர்ப் போட்டியாளர் பென்ஃபிகாவும் 79 புள்ளிகளில் சமமாக இருந்தன, ஆனாலும் ஸ்போர்ட்டிங்தான் முன்னால் என்றார்கள். அது எப்படி? யோகெரெஸ் மாதிரி 39 கோல் போடும் ஆள் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஜெயிப்பார்கள் என்கிறான் என் தம்பி. அதையும் கேட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த 4-1. ஸ்கோரை மறந்துவிட்டு ஆட்டத்தை இன்னொருமுறை போட்டுப் பாருங்கள். 4ஆவது நிமிடத்திலேயே ஸ்போர்ட்டிங்கின் மொரிட்டா தன் பாதியில் பந்தைப் பறிகொடுக்கிறார், சிட்டியின் ஃபோடன் கோல். அதற்குப் பிறகு அரைமணி நேரம் பந்து பெரும்பாலும் சிட்டியின் காலில்தான். 38இல், அப்போது 17 வயதான கென்டா நீட்டிய ஒரு பாஸைத் துரத்திப்போய் யோகெரெஸ் சமன் செய்கிறார். இடைவேளை முடிந்து சுமார் 20 நொடியில் அராவுஹோ. 49இல் ஒரு பெனால்டி, 80இல் இன்னொரு பெனால்டி. நடுவே 3-1 இருக்கும்போது ஹாலண்ட் அடித்த பெனால்டி குறுக்குக் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. அது உள்ளே போயிருந்தால் 3-2, இன்னும் இருபது நிமிடம் பாக்கி.

அதிர்ஷ்டம் என்று சொல்ல வரவில்லை. அமோரிமின் 3-4-3, அதாவது பின்னால் மூன்று, நடுவில் நான்கு, முன்னால் மூன்று பேர் என்ற அமைப்பு, அந்த மாதிரி எதிரணிக்காகவே நெய்தது. பந்து இல்லாதபோது, நடு வரிசையின் இரு ஓரங்களிலும் ஆடும் விங்-பேக்குகள் இருவரும் இறங்கி ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். எதிரணி நம்பி மேலேறி வரும். பந்தைப் பறித்ததும் இரண்டு பாஸில், டிஃபெண்டர்களின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடத்துக்கு யோகெரெஸை அவிழ்த்துவிடுவார்கள். சிட்டி மேலேறி நிற்கும் அணி, அன்று வசமாக மாட்டிக்கொண்டது. ஆனால் மேலேறி வராத அணியிடம்? அங்கே இடது உட்பகுதியில் நின்று, இரண்டு கோடுகளுக்கு நடுவே பந்தை வாங்கித் திரும்பும் ஓர் ஆள் வேண்டும். அது பெட்ரோ கொன்சால்வஸின் வேலை.

நவம்பரில் ஸ்போர்ட்டிங்கை விட்டுப் போனது ஒரு கோச் மட்டுமல்ல என்பதை இங்கே கணக்கில் எடுக்கவேண்டும். அமோரிம் மான்செஸ்டர் யுனைட்டெடுக்குப் போனபோது ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு போனார். உதவிப் பயிற்சியாளர்களோடு கோல்கீப்பர் பயிற்சியாளரும் உடல்தகுதி பார்ப்பவரும் அதில் அடக்கம். வீரர்களை வாங்கி விற்கும் பொறுப்பில் இருந்த ஊகோ வியானா சீசன் முடிவில் சிட்டிக்குப் போகப்போகிறார் என்பது அக்டோபரிலேயே வெளிவந்துவிட்டது. இடது விங்-பேக் நூனோ சான்டோஸ் அக்டோபர் இறுதியில் முழங்கால் காயத்தோடு சீசனையே இழந்தார். நவம்பரில் கொன்சால்வஸுக்குத் தசைக்காயம், திரும்பி வந்தது ஏப்ரலில். அடைமழை விட்டும் செடிமழை விடவில்லை என்பார்களே, அப்படி.

இந்த நிலையில் கிளப்பின் இரண்டாம் நிலை அணியான பி அணியிலிருந்து, அதன் கோச் ஜுவாவ் பெரெய்ராவை மேலே கொண்டுவந்தார்கள். அவர் 3-4-3ஐ அப்படியே வைத்துக்கொண்டார். தவறு அங்கே என்று நினைக்கிறேன். காகிதத்தில் 3-4-3 எல்லோருக்கும் ஒன்றுதான். நடு டிஃபெண்டர் ஒருவர் பந்தை நோக்கி முன்னால் பாய்ந்தால் பின்னால் விழும் ஓட்டையை யார் மூடுவது, விங்-பேக் எந்த நொடியில் உள்ளே ஒடுங்குவது, எப்போது வெளியே விரிவது – இதெல்லாம் தினமும் பயிற்சியில் குரல் கொடுத்துக் கொடுத்துப் படியவைக்கும் பழக்கம். குரல் கொடுத்தவர்கள் எல்லோரும் மான்செஸ்டரில் இருந்தார்கள்.

சாம்பியன்ஸ் லீக்கில் ஆர்சனலுடன் ஆடிய ஆட்டத்தின் முதல் பாதியில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. முதல் கோல்: வலப்பக்கத்திலிருந்து டிம்பர் பந்தைக் குறுக்காக அனுப்புகிறார். ஸ்போர்ட்டிங் தடுப்பு முழுக்கப் பந்து இருக்கும் பக்கம் சாய்ந்து கிடக்கிறது. தூரக் கம்பத்தருகே வந்து நின்ற மார்ட்டினெல்லி காலை நீட்டினால் போதும். இரண்டாவது, சாகா உள்ளே தள்ளியதை ஹாவெர்ட்ஸ் முடித்தது. மூன்றாவது கார்னரில் கேப்ரியல் தலையால் முட்டியது. இடைவேளையில் 0-3, முடிவில் 1-5. பிறகு சான்டா கிளாராவிடம் சொந்த மைதானத்தில் 0-1, மொரெய்ரென்சேவிடம் 1-2, சாம்பியன்ஸ் லீக்கில் கிளப் பிரூஷிடம் 1-2. வரிசையாக நான்கு தோல்வி. எட்டு ஆட்டங்களில் பெரெய்ராவின் கணக்கு முடிந்தது.

ஐரோப்பாவில் சரிந்ததன் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2024-25இல்தான் சாம்பியன்ஸ் லீக் புது வடிவத்துக்கு மாறியது. 36 அணிகளுக்கும் ஒரே பட்டியல், ஆளுக்கு எட்டு ஆட்டம். முதல் எட்டு இடங்கள் நேராக அடுத்த சுற்றுக்கு, 9 முதல் 24 வரை பிளே-ஆஃப், மற்றவர்கள் வீட்டுக்கு. ஸ்போர்ட்டிங் முதல் நான்கு ஆட்டத்தில் லில்லை 2-0, பிஎஸ்வி ஐண்டோவனுடன் 1-1, ஷ்டுர்ம் கிராட்ஸை 2-0, சிட்டியை 4-1. 10 புள்ளிகளோடு லிவர்பூலுக்கு அடுத்து இரண்டாம் இடம். எட்டாம் இடத்தில் முடித்த ஆஸ்டன் வில்லா எடுத்தது 16. ஆக, மிச்சம் நான்கு ஆட்டத்தில் இரண்டு வெற்றி எடுத்திருந்தால் அந்த 16ஐத் தொட்டிருப்பார்கள்.

எடுத்தது ஒரே ஒரு புள்ளி. ஆர்சனலிடம் தோற்றதை விடுங்கள். உறுத்துவது லைப்சிக். அந்த அணி ஆறு ஆட்டமும் தோற்று, ஒரு புள்ளிகூட இல்லாமல், வெளியேறுவது உறுதியான பிறகு ஸ்போர்ட்டிங்கை 2-1 என்று வென்றது. எட்டில் லைப்சிக் வென்றது அந்த ஒன்றே ஒன்றுதான். கடைசி ஆட்டத்தில் போலோன்யாவிடம் 0-1 பின்தங்கி, கொன்ராட் ஹார்டரின் கோலால் 1-1. அந்தக் கோல் இல்லையென்றால் 10 புள்ளியோடு அங்கேயே வெளியே. 11 எடுத்தும் டினாமோ சாக்ரெப் கோல் வித்தியாசத்தில் வெளியேறியது. அவர்களுக்கு மைனஸ் 7, ஸ்போர்ட்டிங்குக்குப் பிளஸ் 1. ஆர்சனலிடம் ஐந்து வாங்கியும் பிளஸ்ஸில் நிற்க முடிந்தது என்றால், நீங்கள் தூக்கம் விழித்துப் பார்த்த அந்த ஆட்டமும் ஒரு காரணம்.

23ஆம் இடம் என்றால் பிளே-ஆஃபில் 9 அல்லது 10ஆம் இடத்து அணிதான் எதிரே வரும், இரண்டாவது ஆட்டமும் அவர்கள் மண்ணில். வந்தது 10ஆம் இடத்து டோர்ட்மண்ட். லிஸ்பனில் ஒரு மணிநேரம் வரை கோல் இல்லை. 60இல் கிராஸி போட்டதும் கட்டு அவிழ்ந்துவிட்டது, குரோஸும் அடெயெமியும் 82ஆவது நிமிடத்துக்குள் மூன்றாக்கினார்கள். ஜெர்மனியில் 0-0.

இனி, பட்டம் யாருடையது? லீக் புள்ளிகளை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். அமோரிம்: 11 ஆட்டம், 11 வெற்றி, 33 புள்ளி. பெரெய்ரா: 4 ஆட்டம், 12க்கு 4. பெரெய்ராவுக்குப் பின் வந்த ருயி போர்ஜஸ்: 19 ஆட்டம், 57க்கு 45. மொத்தம் 82, பென்ஃபிகா 80. அமோரிம் களஞ்சியத்தில் சேர்த்துவைத்த நெல் இல்லாமல் இது நடந்திருக்காது என்பது சரிதான். ஆனால் போர்ஜஸ் கணக்கை இன்னும் கொஞ்சம் பிரியுங்கள்: 13 வெற்றி, 6 டிரா, தோல்வி பூஜ்யம். அந்த வேகத்தை 34 ஆட்டத்துக்கு நீட்டினால் ஏறக்குறைய 80, அதாவது பென்ஃபிகா முழு சீசனில் எடுத்தது. காயம்பட்ட அணியை நடுவழியில் வாங்கிக்கொண்ட ஒருவருக்கு அது சின்னக் காரியம் இல்லை. 'அமோரிமின் பட்டம்' என்று எழுதியவர்கள் இந்தக் கூட்டல் கழித்தலைச் செய்யவில்லை.

அவர் விட்டோரியா கிமராய்ஸிலிருந்து டிசம்பர் 26இல் வந்தார். 29இல் பென்ஃபிகா ஆட்டம். கையில் மூன்று நாள். செய்தது ஒன்றுதான்: ஐந்து பேர் வரிசையைக் கலைத்து, பின்னால் நான்கு பேரை நிறுத்தினார். பாதி மறந்துபோன பழைய பாடத்தை நினைவுபடுத்துவதைவிட எல்லோருக்கும் தெரிந்த எளிய பாடத்தை எடுப்பது நல்லது என்ற முடிவு. ஜெனி கதாமோவின் கோலில் 1-0. கிறிஸ்துமஸுக்கு முன் பென்ஃபிகா பிடித்திருந்த முதலிடம் கைமாறியது. அதைவிட முக்கியமான இன்னொன்றும் அன்று கைக்கு வந்தது, அதற்குப் பிறகு வருகிறேன்.

அவரிடமும் குறை உண்டு. முன்னிலையைக் காப்பாற்றத் தெரியாத அணியாகவே கொஞ்ச நாள் இருந்தது. தன் பழைய அணி விட்டோரியாவிடம் 3-1 முன்னிலையிலிருந்து 3-4 ஆகி, கடைசியில் ட்ரின்காவ் புண்ணியத்தில் 4-4. போர்ட்டோவிடம் 90+4இல் சமன். ஏவிஎஸ் அணியிடம் 2-2. ஏப்ரலில் பிராகாவும் கடைசி நிமிடங்களில் சமன் செய்தது. காரணம் பெஞ்சைப் பார்த்தால் தெரியும். நடுக்களத்தில் மொரிட்டா வருவதும் போவதுமாக இருந்தார், பிரகான்சா பிப்ரவரியில் முழங்கால் காயத்தோடு போய்விட்டார். டிஃபெண்டரான டெபாஸ்டைக் கொண்டுவந்து யூல்மாண்டின் பக்கத்தில் நிறுத்தவேண்டியிருந்தது. 75ஆவது நிமிடத்தில் களைத்த காலை மாற்றிப் புதுக் காலை இறக்க ஆள் இல்லாத அணி பின்வாங்கிப் பின்வாங்கித் தன் பெனால்டி பகுதிக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும். பிப்ரவரிக்குப் பிறகு அவரும் மூன்று டிஃபெண்டர்களுக்கே திரும்பினார். அதில் கௌரவம் பார்க்காதது எனக்குப் பிடித்தது.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசம் என்று இங்கிலாந்து லீக் பார்த்துப் பழகிவிட்டோம். போர்ச்சுகலில் முதலில் பார்ப்பது அந்த இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை. மே 10இல் பென்ஃபிகாவின் லூஸ் மைதானத்துக்குப் போகும்போது இருவருக்கும் 78. டிசம்பரின் 1-0 ஸ்போர்ட்டிங் பையில் இருந்ததால் அவர்களுக்கு டிரா போதும், பென்ஃபிகா வென்றே ஆகவேண்டும். ட்ரின்காவ் 4ஆவது நிமிடத்திலேயே போட்டார், 63இல் அக்துர்கோலு சமன் செய்தார். 1-1. இருவருக்கும் 79, ஆனால் நேரடிக் கணக்கில் ஸ்போர்ட்டிங்குக்கு 4 புள்ளி, பென்ஃபிகாவுக்கு 1. கடைசி நாளில் பென்ஃபிகா என்ன செய்கிறதோ அதையே செய்தால் போதும் என்ற நிலை. செய்தது அதைவிட மேல்: ஸ்போர்ட்டிங் 2-0 வென்றது, பென்ஃபிகா பிராகாவில் 1-1. 1950களுக்குப் பிறகு முதல்முறையாக அடுத்தடுத்து இரண்டு பட்டம்.

உங்கள் தம்பிக்கு: யோகெரெஸ் லீக்கில் 39, எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 52 ஆட்டத்தில் 54. அதைக் குறைத்துப் பேச யாராலும் முடியாது. ஆனால் பட்டத்தைத் தீர்மானித்த கோல்களை எடுத்துவைத்துப் பாருங்கள். டிசம்பரில் பென்ஃபிகாவுக்கு எதிராகக் கதாமோ. லூஸில் ட்ரின்காவ். மே 4இல் ஜில் விசென்டே 1-0 முன்னால் இருந்த ஆட்டம், ஆட்டம் முடியும் தறுவாயில் அராவுஹோ சமன் செய்ய, 90ஐத் தாண்டி எதுவார்டோ குவாரெஸ்மா என்கிற டிஃபெண்டர் போட்டது. அது விழவில்லையென்றால் லூஸுக்கு இரண்டு புள்ளி பின்தங்கித்தான் போயிருப்பார்கள். போவிஸ்டாவை 5-0 வென்றபோது நான்கு கோல் போட்டவர் யோகெரெஸ்தான், அவற்றில் மூன்று இல்லாவிட்டாலும் அதே மூன்று புள்ளிதான்.

கோப்பைகளில் இரண்டு பென்ஃபிகாவுக்கும் போர்ட்டோவுக்கும் போனதைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. ஆகஸ்டில் சூப்பர் கோப்பையில் போர்ட்டோவுக்கு எதிராக 24 நிமிடத்தில் 3-0 என்று முன்னேறி, கூடுதல் நேரத்தில் 3-4 தோற்றார்கள். ஜனவரியில் லீக் கோப்பை இறுதியில் பென்ஃபிகாவிடம் பெனால்டியில் 6-7.

மே 25, ஜமோர் மைதானம், போர்ச்சுகல் கோப்பை இறுதி. மறுபடி பென்ஃபிகா. 47இல் கோக்சு போட்ட கோலோடு 90 நிமிடமும் முடிந்தது. நிறுத்தநேரத்தில் ரெனாட்டோ சான்ச்சஸ் யோகெரெஸைச் சாய்க்க, 90+11இல் அவரே பெனால்டி அடித்துச் சமன் செய்தார். அங்கே உங்கள் தம்பி பக்கம்தான் நியாயம். கூடுதல் நேரம் 99ஆவது நிமிடத்தில் முன்னிலை தந்தது மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஹார்டரின் ஹெட்டர். போலோன்யாவிடம் அணியைப் பிழைக்கவைத்த அதே பையன். அமோரிமின் கடைசி ஆட்டத்தில், பிராகாவில் 0-2 இலிருந்து 4-2 ஆனபோது இரண்டு கோல் போட்டதும் இவரே. 120+1இல் ட்ரின்காவ் மூன்றாவதைப் போட்டார்.