கேள்வி–பதில்: பொட்டு வைத்த உலக வரைபடம்

கேள்வி: எட்டாம் வகுப்பு மாணவிகளும் நானும் சேர்ந்து, தனிநாடு கேட்கும் இயக்கங்கள் உள்ள இடங்களில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி ஓர் உலக வரைபடம் செய்தோம். பொட்டுகள் பிரிட்டனின் ஸ்காட்லாந்து, ஸ்பெயினின் கட்டலோனியா, கனடாவின் கியூபெக் என்று சுதந்திரமான நாடுகளிலேயே நெருங்கி விழுகின்றன; சீனா ஏறக்குறைய வெறுமையாக இருக்கிறது. சுதந்திரம் கூடினால் பிரிவினை எண்ணமும் கூடும் என்கிறாள் ஒரு மாணவி. அவளுக்கு என்ன சொல்வது?
– ஓர் ஆசிரியை, குடியாத்தம்

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்பெயினில் மூன்று பொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பாதி நாட்டை மறைத்துவிட்டன. திபெத்துக்கு வைத்த ஒற்றைப் பொட்டோ பாதி உரிந்து நேபாளத்தின் பக்கம் சாய்ந்து நிற்கிறது. மாணவி கண்ணில் பட்டதைச் சரியாகவே படித்திருக்கிறாள். ஆனால் பொட்டு காட்டுவது பிரிவினை எண்ணத்தின் அளவை அன்று. அந்த எண்ணம் வெளியே கேட்கும் அளவைத்தான். கட்சி தொடங்கி, பெயர்ப்பலகை மாட்டி, தேர்தலில் நிற்பவர்களைப் பட்டியல் எடுப்பது எளிது. வாய் திறந்தால் சிறை என்ற இடத்தில் பட்டியலில் எழுதப் பெயரே கிடைக்காது.

2014 செப்டம்பர் மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 18ஆம் தேதி, லண்டன் அரசின் ஒப்புதலோடு ஸ்காட்லாந்தில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. தனிநாடு வேண்டாம் என்று 55.3 விழுக்காட்டினரும், வேண்டும் என்று 44.7 விழுக்காட்டினரும் வாக்களித்தார்கள். தோற்ற தரப்பின் தலைவரும் ஸ்காட்லாந்தின் முதலமைச்சருமான அலெக்ஸ் சால்மண்ட் மறுநாளே பதவி விலகப்போவதாக அறிவித்தார். ஆனால் அவருடைய கட்சி ஸ்காட்லாந்தின் ஆட்சியில் தொடர்ந்தது, கேட்ட குற்றத்துக்காக எவரும் சிறைக்குப் போகவில்லை. ஐந்து நாள் கழித்து, 23ஆம் தேதி, சீனாவின் உரும்ச்சி நகர நீதிமன்றம் இல்ஹாம் தோஹ்தி என்ற உய்குர் இனப் பொருளாதாரப் பேராசிரியருக்குப் பிரிவினைவாதக் குற்றம் சாட்டி ஆயுள் சிறை விதித்தது. இத்தனைக்கும் அவர் தனிநாடு கேட்டவர் அல்லர். சீனச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கும் தன்னாட்சியை நடைமுறைப்படுத்துங்கள் என்று கேட்டவர். அந்தப் பக்கத்தில் பொட்டு குறைவாக இருப்பதற்குக் காரணம் இப்போது மாணவிக்கே புரிந்துவிடும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் நாடுகளையும் விட்டுவிட வேண்டாம். ஸ்பெயினின் அரசியலமைப்பு நாடு பிரிக்கவியலாதது என்கிறது; ஆகவே 2017 அக்டோபர் 1 அன்று, நீதிமன்றத் தடையை மீறிக் கட்டலோனியா நடத்திய வாக்கெடுப்பைக் காவல்துறையை அனுப்பித் தடுத்தார்கள்; 2019இல் தலைவர்கள் ஒன்பது பேருக்கு 9 முதல் 13 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைத்தது; 2021இல் மன்னிப்பும் 2024இல் பொதுமன்னிப்புச் சட்டமும் வந்தன. அதே காலம் முழுவதும் பிரிவினை கேட்கும் கட்சிகள் மாட்ரிட் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்களாகவே அமர்ந்திருந்தன. கேட்கலாம், வாக்கெடுப்பு நடத்தக்கூடாது என்பது அங்கே நிலை. கனடா இன்னும் ஒரு படி தள்ளிப் போனது. 1995இல் கியூபெக் 50.58க்கு 49.42 என்ற இழையளவு வேறுபாட்டில் கனடாவிலேயே தங்கியது. அதன் பிறகு 1998இல் உச்ச நீதிமன்றம், தன்னிச்சையாகப் பிரிய உரிமையில்லை, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால் மற்றவர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தே தீர வேண்டும் என்று கருத்துச் சொன்னது. நான் படித்தவற்றுள் இந்தச் சிக்கலை நேருக்கு நேர் பார்த்துப் பேசிய ஆவணம் இதுதான்.

எனவே பொட்டு ஒரே நிறத்தில் வேண்டாம். வாக்கெடுப்புக்கே வழியுள்ள இடத்துக்குப் பச்சை, கேட்க மட்டும் முடிகிற இடத்துக்கு மஞ்சள், கேட்டாலே சிறை என்ற இடத்துக்குச் சிவப்பு என்று மாற்றி ஒட்டச் சொல்லுங்கள். இந்தியாவின் வெளி எல்லைக்கோட்டில் மட்டும் கை வைக்க வேண்டாம். அரசு வரைபடத்தோடு பொருந்தாத இந்திய வரைபடத்தை வெளியிடுவது 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: எந்த நாடு எவ்வளவு சுதந்திரமானது என்று மதிப்பெண் போடுகிறார்களே, அதை நம்பலாமா?
– கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: நீங்கள் குறிப்பிடுவது ஃபிரீடம் ஹவுஸ் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையை என்று கொள்கிறேன். 1941இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு. அதன் வருவாயில் பெரும்பகுதி நெடுங்காலம் அமெரிக்க அரசின் நிதியாகவே இருந்தது என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். அரசியல் உரிமைக்கு 40, குடிமை உரிமைக்கு 60 என மொத்தம் 100 மதிப்பெண். 2021 அறிக்கையில் இந்தியாவை ‘ஓரளவு சுதந்திரம்’ என்ற வகைக்கு இறக்கினார்கள். இந்திய அரசு அதை மறுத்தது. மதிப்பெண்ணை விட அதற்குரிய 25 கேள்விகளைப் படிப்பது பயனுள்ளது. அவற்றுக்கு உங்கள் ஊரை வைத்து நீங்களே விடை எழுதிப் பார்க்கலாம்.

இத்தகைய மதிப்பெண்ணை வைத்து வரையும் வரைபடத்தின் ஒரு குறை, ஒரு நாட்டுக்கு ஒரே வண்ணம் பூசுவது. 1991இல் சோமாலியாவிலிருந்து தனியாகப் போய்விட்டதாக அறிவித்த சோமாலிலாந்துக்கு ஐ.நா. உறுப்பினர் இடம் இல்லை. ஆனால் அது தேர்தல் நடத்துகிறது, சோமாலியாவை விட அதிக மதிப்பெண்ணும் வாங்குகிறது. இத்தகைய பகுதிகளுக்கு அந்த அறிக்கை தனி மதிப்பெண் போடுவது நல்ல வழக்கம்.

கேள்வி: திராவிட நாடு கேட்ட காலத்தில் நம் மாநிலத்துக்கு எந்த நிறம் பூசியிருப்பீர்கள்?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், ஆற்காடு

பதில்: 1962இல் பச்சையை ஒட்டிய மஞ்சள், 1963இல் சிவப்பை ஒட்டிய மஞ்சள். தனிநாடு கோரிக்கையோடு தேர்தலில் நின்ற தி.மு.க. 1962இல் சட்டமன்றத்தில் 50 இடங்களை வென்றது. அண்ணா மாநிலங்களவையிலேயே எழுந்து அந்தக் கோரிக்கையைப் பேசினார். அதே ஆண்டு அக்டோபரில் சீனப் போர் வந்தது. 1963இல் பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தம், தேர்தலில் நிற்பவர் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுத்தாக வேண்டும் என்றாக்கியது. கட்சி கோரிக்கையைக் கைவிட்டது; 1967இல் ஆட்சியைப் பிடித்தது; 1969இல் மத்திய–மாநில உறவை ஆராய இராசமன்னார் குழுவை அமைத்து மாநில சுயாட்சி பேசியது. போர் காரணமா, சட்டம் காரணமா என்று எங்கள் தெருத் திண்ணையில் இன்னும் வழக்கு முடியவில்லை. இரண்டும்தான் என்பேன் நான். அதோடு, ஆட்சிக்கு வரும் வாசல் திறந்திருந்ததும் ஒரு காரணம்.

கேள்வி: பிரிந்து போனவர்களுக்குச் சுதந்திரம் கிடைத்ததா?
– ஒரு வணிகர், வாலாஜாபேட்டை

பதில்: நாடு கிடைத்தவர்களுக்கு எல்லாம் கிடைக்கவில்லை. எரித்திரியா 1993இல் 99.8 விழுக்காடு ஆதரவோடு எத்தியோப்பியாவிலிருந்து பிரிந்தது. அதன் பின் ஒரு தேசியத் தேர்தலைக்கூடக் காணவில்லை. தென் சூடான் 2011இல் 98.83 விழுக்காட்டோடு பிரிந்து, 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போரில் விழுந்தது. இந்தோனேசியாவின் பிடியில் இருந்த கிழக்குத் திமோரில் 1999இல் பிரிவதற்கான ஆதரவு 78.5 விழுக்காடுதான், 2002இல் விடுதலையான அந்த நாட்டில் வாக்குச்சீட்டால் ஆட்சி மாறுகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்ற எண்ணைக் கண்டால் எனக்குச் சற்று அச்சமே வரும். எரித்திரியாவில் போராடி வென்ற இயக்கமே நாட்டின் ஒரே சட்டபூர்வக் கட்சியாகிவிட்டது.

கேள்வி: 1806 வேலூர்ப் புரட்சியும் பிரிவினை இயக்கம்தானா? வேலூர் மாவட்டத்தை மூன்றாக்கியது?
– பள்ளி மாணவி, வேலூர்

பதில்: இரண்டாவதற்கு ஒரே வரி: 2019இல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தது நிர்வாக வசதி, மாற வேண்டியிருந்தது நம் விண்ணப்பங்களின் முகவரி மட்டும்.

முதலாவது நல்ல கேள்வி. ஒரு நாட்டின் அங்கமாக இருப்பவர் விலகுவதுதான் பிரிவினை. ஜூலை 10 அன்று கோட்டைக்குள் எழுந்த சிப்பாய்கள் திப்புவின் கொடியை ஏற்றியது, ஒரு வணிகக் கம்பெனியின் ஆட்சியை எதிர்த்து. புதுத் தலைப்பாகை, தாடி, நெற்றிக்குறி பற்றிய ஆணைகள் அதற்குத் தீ மூட்டின. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றே அடக்கினார். இது அந்நிய ஆட்சி எதிர்ப்பு. இத்தகைய நிலங்களுக்கு ஐ.நா. தனிப் பட்டியலே வைத்திருக்கிறது, இன்றும் அதில் 17 பகுதிகள் உண்டு. அவற்றுள் பெரியது, பெரும்பகுதி மொராக்கோவின் பிடியில் உள்ள மேற்கு சகாரா. அங்கே நடத்துவதாக 1991இல் உறுதியளித்த வாக்கெடுப்பு இன்னும் நடக்கவில்லை. உங்கள் பள்ளிச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அதற்கும் மொராக்கோவுக்கும் நடுவே முழுக்கோடு இருக்கிறதா, புள்ளிக்கோடா, கோடே இல்லையா என்று பார்த்து எழுதுங்கள்.