டூயலில் இன்னொரு வரி எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு வங்கியின் மென்பொருளைப் பராமரிக்கும் குழுவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஆரக்கிள் என்ற தரவுத்தள மென்பொருளில் இன்றைய தேதி வேண்டுமென்றால் ‘செலக்ட் சிஸ்டேட் ஃப்ரம் டூயல்’ என்று எழுத வேண்டும். அந்த டூயல் என்ற டேபிளை, அதாவது தரவு அட்டவணையை, திறந்து பார்த்தேன். ‘டம்மி’ என்று ஒரு நெடுவரிசை, ஒரே வரி, அதில் எக்ஸ் என்று ஓர் எழுத்து. அவ்வளவுதான். ஒன்றே ஒன்று இருப்பதற்கு இரட்டை என்று ஏன் பெயர்? சீனியரிடம் கேட்டால், தேதிக்கும் கணக்குக்கும் இரண்டுக்குமே பயன்படுவதால் அந்தப் பெயர் என்கிறார். சரிதானா?

ச., கோவை

அன்புள்ள ச.,

சரியல்ல. அது பெயரைப் பார்த்துவிட்டுப் பின்னால் பொருத்திச் சொன்ன காரணம். டூயலை உருவாக்கியவர் ஆரக்கிள் நிறுவனத்தில் ஆரம்ப காலத்தில் வேலை பார்த்த சக் வைஸ். அவர் சொன்ன காரணம் ரொம்ப எளிமையானது. ஒரு டேபிள் வட்டில் எடுத்துக்கொள்ளும் இடத்தில் தரவுக்கு எவ்வளவு, அந்தத் தரவை விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கூட்டிக் காட்ட வேண்டியிருந்தது. கையில் இருப்பது ஒரு வரி, காட்ட வேண்டியது இரண்டு வரி. என்ன செய்வது? இரண்டே வரி உள்ள ஒரு சின்ன டேபிளை உண்டாக்கி அதோடு ஜாயின் செய்தால், அதாவது இரண்டு டேபிள்களின் வரிகளையும் இணைத்தால், ஒவ்வொரு வரியும் இரண்டாகிவிடும். அப்புறம் வகைவாரியாகத் தொகுக்கும் ‘குரூப் பை’ போட்டுக் கூட்டிக்கொள்ளலாம். ஒன்றை இரண்டாக்குவதால் டூயல். ஒரு வியூவுக்குள், அதாவது பெயரிட்டுச் சேமித்த கேள்விக்குள், மறைந்து கிடக்க வேண்டிய டேபிள் அது. நம் கண்ணில் படவேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை.

அப்படியென்றால் இன்னொரு வரி எங்கே போனது? ஆரக்கிளில் ‘ஃப்ரம்’ இல்லாமல் ‘செலக்ட்’ எழுத முடியாது என்ற விதி வெகுகாலம் இருந்தது. 23ஏஐ பதிப்பில்தான் தளர்ந்தது. தேதியைக் கேட்கக்கூட ஏதாவது ஒரு டேபிளைச் சொல்லியாக வேண்டும். அதில் இரண்டு வரி இருந்தால் தேதியும் இரண்டு முறை வரும். ஒரு வரிதான் வசதி. டேபிள் ஒற்றையானது, பெயர் இரட்டையாகவே நின்றுவிட்டது.

நம் மொழியில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. எள்ளின் நெய்தான் எண்ணெய். இன்று கடலை எண்ணெய் என்கிறோம், தேங்காய் எண்ணெய் என்கிறோம், மண்ணெண்ணெய் என்றுகூடச் சொல்கிறோம். எள் போய்விட்டது, சொல்லுக்குள் மட்டும் இருக்கிறது.

பயிற்சி வகுப்பில் பயனர்பெயர் ஸ்காட், கடவுச்சொல் டைகர் என்று தட்டி உள்ளே போயிருப்பீர்களே, அதுவும் இப்படித்தான். ஆரக்கிளின் முதல் ஊழியர்களில் ஒருவர் புரூஸ் ஸ்காட். டைகர் அவர் வீட்டுப் பூனை. பயிற்சிக்குத் தரும், பதினான்கு பேர் கொண்ட ‘எம்ப்’ என்ற ஊழியர் டேபிளிலும் ஸ்காட் இருக்கிறார், அனலிஸ்ட், சம்பளம் 3000. உலகம் முழுக்க எத்தனையோ பேர் அந்தப் பூனையின் பெயரைத் தட்டித்தான் தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல் கற்றுக்கொண்டார்கள். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

படம், ஒலி போன்ற பெரிய தரவை வைக்கும் ‘பிளாப்’ என்ற வகையின் பெயர்க் கதையைக் கேட்டால் உங்கள் சீனியர் எங்கே தவறினார் என்பது புரியும். ‘பைனரி லார்ஜ் ஆப்ஜெக்ட்’ என்ற விரிவாக்கம் பின்னால் வந்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் அதை உருவாக்கிய ஜிம் ஸ்டார்க்கி, 1958-இல் வந்த ‘தி பிளாப்’ படத்தில் எல்லாவற்றையும் விழுங்கி வளரும் அந்த உருவத்தை மனதில் வைத்துத்தான் பெயரிட்டார். ஒரு பெயருக்கு விளக்கம் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தினால் நான் சந்தேகப்படுவேன். உண்மையான காரணம் பெரும்பாலும் ஒரு நாள் வேலையாகவோ வீட்டுப் பூனையாகவோதான் இருக்கும்.

உங்கள் வங்கி மென்பொருளிலும் பெயர் புரியாத டேபிள் ஒன்றாவது இருக்கும். அதை எழுதியவர் ஓய்வு பெறுவதற்குள் போய்க் கேளுங்கள். கேட்டதை ‘கமெண்ட் ஆன் டேபிள்’ என்ற கட்டளையில் அந்த டேபிளோடு சேர்த்தே எழுதி வையுங்கள்.