பூட்டிய படத்தில் முகம் எப்படித் தெரிகிறது?

கேள்வி: பத்து வருடக் குடும்பப் படங்களை கூகுள் போட்டோஸில் வைத்திருக்கிறேன். எல்லாம் என்கிரிப்ட் செய்யப்பட்டவை என்கிறார்கள். ஆனால் மகளின் முகத்தைத் தொட்டால் அவள் இருக்கும் படங்கள் எல்லாம் வந்து நிற்கின்றன. பூட்டியிருந்தால் இது எப்படி முடியும்?

பதில்: சரியான இடத்தில் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். பூட்டு உண்மைதான், சாவி மட்டும் நிறுவனத்திடம் இருக்கிறது. முகங்களைப் பிரிக்க அவர்களுடைய சர்வர் படத்தைத் திறந்தாக வேண்டும். பார்ப்பது பெரும்பாலும் நிரல்தான், ஆள் அல்ல. முகம் பிரிப்பது வேண்டாம் என்றால் செட்டிங்ஸில் முகக் குழு வசதியை அணைத்துவிடுங்கள்.

சாவி உங்களிடமே இருக்கும் முறையும் உண்டு. ஆப்பிள் 2022 டிசம்பரில் ஐகிளவுட் படங்களுக்கு அதைக் கொண்டுவந்தது. ஆனால் நாமாகத் தேடிப்போய் இயக்கினால்தான் உண்டு. பாதுகாப்பை ஏன் இப்படி மூலையில் ஒளித்துவைக்க வேண்டும்? எனக்கு இது ஆறவே இல்லை.

அதை இயக்கும் முன் ஒன்றை நன்றாக யோசியுங்கள். கணக்குக்குள் நுழையும் வழியை இழந்தால் நிறுவனத்தாலும் படங்களை மீட்க முடியாது. அதனால்தான் மீட்புச் சாவியோ நம்பகமான ஒருவரோ முதலிலேயே கேட்கப்படுகிறது. அந்தச் சாவியைக் காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள். போனிலேயே வைத்தால் போனோடு அதுவும் போய்விடும். படங்களின் இன்னொரு பிரதி ஒரு ஹார்டு டிஸ்கிலும் இருக்கட்டும். இதைச் செய்யாமல் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உண்மையில் நான் அதிகம் பயப்படுவது கூகுளையோ ஆப்பிளையோ பற்றி அல்ல, நடுவில் நுழையும் சின்னச் செயலிகளைப் பற்றித்தான். 'முகத்தை அழகாக்குகிறோம்', 'ஒரே மாதிரிப் படங்களை நீக்கித் தருகிறோம்' என்று இலவசமாக வந்து மொத்த கேலரிக்கும் அனுமதி கேட்பார்கள். நீங்கள் செயலியை அழித்தாலும், அவர்கள் சர்வருக்குப் போன பிரதி அழியாது. ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 14 முதல் தேர்ந்தெடுத்த படங்களுக்கு மட்டும் அனுமதி தரலாம். எந்தச் செயலி கேட்டாலும் அதையே தாருங்கள். இன்றே போனில் அனுமதிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். எப்போதோ ஒருமுறை பயன்படுத்தியவை இன்னும் உள்ளே இருக்கும்.

அப்புறம், லிங்க் அனுப்பிப் பகிர்ந்த ஆல்பங்கள். லிங்க் யார் கைக்குப் போனாலும் படம் திறக்கும். வேலை முடிந்ததும் பகிர்வை நிறுத்துங்கள்.

மிக அந்தரங்கமான சில படங்களை மட்டும் கிரிப்டோமேட்டர் போன்ற கருவியால் நீங்களே பூட்டி, பிறகு கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் ஏற்றுங்கள். அவற்றில் முகம் வைத்துத் தேட முடியாது. மற்ற படங்களைப் பழையபடியே வைத்துக்கொள்ளலாம்.